அம்மாவின் கூலியும் அரசியல் சட்டமும்!

(மூன்றாமாண்டு சிவில் மாணவன், ராசிங்காபுரம்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, "கவிதை மட்டும் வேண்டாம்டா, அது ஏகப்பட்டது வந்து கிடக்கு" என்றார்கள். எனக்குக் கவிதை வரவும் வராது. எனக்குத் தெரிந்தது எங்கள் தெருவில் வந்து நிற்கும் ஒரு ஜீப்தான். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் விடிவதற்கு முன்னால் கேட்பது சேவல் சத்தமில்லை, ஜீப் ஹாரன். தூக்குவாளியில் சோறு, தலைக்கு ஒரு துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் சீட்டு. பெண்கள் ஏறிக்கொள்வார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிறது. எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். போடி தாண்டி முந்தல். அங்கிருந்து மெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. மேலே போனால் கேரளா. பூப்பாறை, சாந்தாம்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள். காய் எடுத்து, களை வெட்டி, பொழுது சாய இறங்கி வருவார்கள். என் டிப்ளமோ பீஸ் அந்த ஜீப்பில்தான் போய் வந்தது. இதை வாசிக்கிற உங்களில் பல பேருக்கும் அப்படித்தான்.

போன காய் எடுப்பு சீசனில் என் அம்மாவோடு எங்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் ஒரு தோட்டத்துக்குப் போனார்கள். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பதினெட்டு நாள் கூலி நின்றுபோனது. தோட்டம் குத்தகை மாறிவிட்டது, பழைய கணக்கு எனக்குத் தெரியாது என்றார் புதுக் குத்தகைக்காரர். எனக்கே வரவில்லை, நான் எங்கே போக என்றார் கங்காணி. அம்மா என்ன சொன்னார்கள் தெரியுமா? "விடுடா ராசா. கேட்டா அடுத்த சீசனுக்கு அவுக கூப்பிட மாட்டாக."

நான் விடவில்லை. மூன்று வருடம் எஸ்டிமேட் போடப் படித்தவன் ஒரு மனுவா எழுத மாட்டேன்? எழுதிக்கொண்டு போனேன். இந்தப் பக்கத்து ஆபீஸ் ஒன்றில், "தம்பி, தோட்டம் கேரளாவுல இருக்கு, அங்க போய்க் குடுங்க" என்றார்கள். ஒரு நாள் வகுப்பை விட்டுவிட்டு மலை ஏறி அங்கே போனால், "தமிழ்ல எழுதினா எப்படி? இவங்க இங்க வேலை பார்த்ததுக்கு என்ன ரெக்கார்டு?" என்று கேள்வி. ரெக்கார்டு! போடி ஏல மையத்தில் ஏலக்காய் விலை கம்ப்யூட்டர் திரையில் ஓடுகிறது. ஒவ்வொரு லாட்டுக்கும் எடை, தரம், விலை எல்லாம் பைசா சுத்தமாகக் கணக்கு இருக்கிறது. அந்தக் காயை எடுத்த கைக்கு உள்ள கணக்கு மட்டும் கங்காணியின் நாற்பது பக்க நோட்டில், அவர் சட்டைப் பைக்குள்!

அன்றைக்கு மெட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போதுதான் யோசித்தேன். இது வெறும் கூலித் தகராறா? அல்லது உரிமைப் பிரச்சினையா? உரிமைப் பிரச்சினை என்றால் அதை எந்தக் கதவில் போய்த் தட்டுவது?

நூலகத்திலும் வக்கீல் அண்ணன் ஒருவரிடமும் தேடிக் கிடைத்ததைச் சொல்கிறேன். 1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்காக ஸ்டேடியமும் மேம்பாலமும் ஓட்டலும் கட்டினார்கள். கட்டியவர்கள் பல மாநிலங்களிலிருந்து வந்த கூலிகள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஜமேதார்கள் ஆளுக்கு ஒரு ரூபாயை கமிஷனாகப் பிடித்துக்கொண்டு மீதி 8.25 கொடுத்தார்கள். ஜமேதார் என்றால் நம்ம ஊர் கங்காணிதான், வேறொன்றும் இல்லை. ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் யூனியன் என்ற அமைப்பு மூன்று பேரை அனுப்பி விசாரித்து, அந்த அறிக்கையை ஒரு கடிதத்தோடு நீதிபதி பகவதிக்கு அனுப்பியது. அந்தக் கடிதமே மனுவானது.

அரசாங்கத் தரப்பில், இது காண்ட்ராக்டருக்கும் கூலிக்கும் உள்ள விவகாரம், அடிப்படை உரிமை எங்கே வந்தது என்று வாதாடினார்கள். 1982 செப்டம்பர் 18-ல் தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. சாட்டையால் அடித்து வேலை வாங்குவது மட்டும்தான் கட்டாயமா? பசியும் கட்டாயம்தான். வேறு வழியில்லாத ஒருவனைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்கினால் அது 23-வது பிரிவு சொல்லும் கட்டாய உழைப்பே என்றது சுப்ரீம் கோர்ட்டு. அந்த உரிமையை மீறியவர் தனியாராக இருந்தாலும் தடுக்கவேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்றும் சொன்னது.

ஒரு ரூபாய், தோழர்களே! ஒரு ரூபாய்க்காக வந்த தீர்ப்பு அது. குறைந்த கூலிக்கே அப்படி என்றால், பதினெட்டு நாள் வேலை வாங்கிவிட்டு ஒன்றுமே கொடுக்காமல் இருப்பதற்கு என்ன பெயர்?

இதைப் படித்த அன்றிலிருந்து "கூலித் தகராறு" என்ற வார்த்தையை நான் சொல்வதில்லை.

இனி கதவு எது என்ற விஷயம். அமெரிக்காவில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. மாநில அரசின் அதிகாரியோ போலீஸோ உரிமையைப் பறித்தால் குடிமகன் நேரே பெடரல் கோர்ட்டில் வழக்குப் போடலாம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, கறுப்பின மக்களை வெள்ளை வெறிக் கும்பல்கள் வேட்டையாடிய காலத்தில், 1871-ல் வந்த சட்டம். ஆனாலும் அதைப் பெரிய அளவில் உயிர்ப்பித்தது 1961-ல் வந்த ஒரு தீர்ப்புதான். 1958-ல் சிகாகோவில் 13 போலீஸ்காரர்கள் விடியற்காலையில் ஜேம்ஸ் மன்றோ என்ற கறுப்பரின் வீட்டுக்குள் வாரண்ட் இல்லாமல் புகுந்து, குடும்பத்தையே அம்மணமாக நிற்க வைத்தார்கள். முதலில் மாநிலக் கோர்ட்டுக்குப் போ என்று அவரைத் திருப்பி அனுப்ப முடியாது, நேரே இங்கே வரலாம் என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். இன்றைக்கு அங்கே வழக்குப் பதிய 405 டாலர் கட்டணம். கையில் இல்லாதவர் இல்லை என்று எழுதிக் கொடுத்து விலக்குக் கேட்கலாம். வக்கீல் இல்லாதவர் நிரப்புவதற்கு அச்சடித்த பாரமும் உண்டு. அந்த மனுவுக்கு அங்கே "கம்ப்ளெயிண்ட்" என்றே பெயர். நமக்குக் கம்ப்ளெயிண்ட் என்றால் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும்!

அங்கேயும் எல்லாம் சுகம் என்று நினைக்கவேண்டாம். 2020 ஜூனில் சிஸ்கோ கம்பெனியில் ஒரு தலித் இன்ஜினியருக்குச் சாதிக் கொடுமை நடந்தது என்று கலிபோர்னியா மாநில அரசுத் துறை பெடரல் கோர்ட்டுக்குப் போனது. பிறகு அங்கிருந்து வாபஸ் வாங்கி மாநிலக் கோர்ட்டில் போட்டது. 2023-ல் இரண்டு மேலதிகாரிகள் மீதான பகுதியைக் கைவிட்டது. சாதியும் கப்பலேறிப் போயிருக்கிறது, எந்தக் கோர்ட்டு என்ற குழப்பமும் கூடவே போயிருக்கிறது.

நம் நாட்டிலும் ஒரு பெடரல் கோர்ட்டு இருந்தது. 1937-ல் ஆரம்பித்து, 1950-ல் சுப்ரீம் கோர்ட்டு வந்ததும் முடிந்துபோனது. இப்போது அடிப்படை உரிமைக்கு இரண்டே கதவு. 32-வது பிரிவின் கீழ் சுப்ரீம் கோர்ட்டு, 226-வது பிரிவின் கீழ் ஐகோர்ட்டு. டாக்டர் அம்பேத்கர் அரசியல் சட்டத்தின் இதயம் என்று சொன்னது அந்த 32-ஐத்தான். லட்சுமிபுரத்தில் இருக்கிற நம் மாவட்டக் கோர்ட்டில் ரிட் மனு போட முடியாது.

ஐகோர்ட்டு என்றால் நம் அப்பா காலத்தில் சென்னைக்கு ராத்திரி பஸ். 2004 ஜூலை 24-ல் மதுரைக் கிளை திறந்த பிறகு ஒத்தக்கடை வரை போனால் போதும். காலையில் போய்விட்டு ராத்திரிச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆனால் நம் விஷயத்தில் ஒரு முடிச்சு. அம்மா இருப்பது தேனி மாவட்டத்தில், தோட்டம் இருப்பது இடுக்கியில். மதுரையா, எர்ணாகுளமா? இந்தக் கேள்வி புதிதில்லை. 1952-ல் மெட்ராஸ் சட்டசபைக்கு ஜெயித்த ஒருவருடைய பதவி செல்லுமா என்று தேர்தல் கமிஷன் விசாரித்தது. அவர் மெட்ராஸ் ஐகோர்ட்டுக்குப் போனார். கமிஷன் டெல்லியில் இருக்கிறது, மெட்ராஸ் கோர்ட்டின் கை அங்கே நீளாது என்று 1953-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அதாவது டெல்லி ஆபீஸ் செய்த தப்புக்குக் கன்னியாகுமரிக்காரனும் வடக்கே ரயிலேற வேண்டும்! பத்து வருடம் கழித்து 1963-ல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். பிரச்சினையின் ஒரு பகுதியாவது எங்கே நடந்ததோ, அந்த ஊர் ஐகோர்ட்டே விசாரிக்கலாம் என்று ஆயிற்று.

இதை நம் ஜீப்புக்குப் பொருத்திப் பாருங்கள். கூலி கொடுக்காமல் விட்டது மலைக்கு மேலே. அங்குள்ள தொழிலாளர் அதிகாரி நடவடிக்கை எடுக்கவில்லை என்றால் எர்ணாகுளம்தான். ஆனால் ஆள் எடுத்தது எங்கே? அட்வான்ஸ் கொடுத்தது எங்கே? ஜீப் புறப்பட்டது எங்கே? ராசிங்காபுரத்தில்! ஒரு மாநிலத்தில் ஆள் எடுத்து இன்னொரு மாநிலத்துக்கு வேலைக்குக் கொண்டுபோகும் காண்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்கவேண்டும் என்று 1979-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. இப்போது அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. தினமும் போய்த் திரும்புகிறவர்களுக்கு அது பொருந்துமா என்று கோர்ட்டில் விவாதிக்க இடமுண்டு. விவாதிக்கத்தானே கோர்ட்டு? இந்தப் பக்கத்து அதிகாரி "கேரளா விஷயம்" என்று கையை உதறிவிட முடியாது என்பது என் கட்சி. வக்கீல் அண்ணன் சிரித்துக்கொண்டே, "பாயிண்ட் இருக்கு தம்பி, ஆனா ஜெயிக்கும்னு சொல்லமாட்டேன்" என்றார்.

இந்த இடத்தில் நம் சங்கத் தோழர்கள் சிலருக்குக் கோபம் வரும். "கோர்ட்டு பணக்காரன் வீட்டுத் திண்ணை. தெருவில் நின்று போராடினால்தான் கிடைக்கும்" என்பார்கள். அவர்கள் கையில் ஒரு நல்ல உதாரணமும் இருக்கிறது. அதை நானே சொல்லிவிடுகிறேன். 226-வது பிரிவு வந்த சூட்டோடு, 1950-ல், மெட்ராஸ் ஐகோர்ட்டில் அதை வைத்து வந்த பெரிய வழக்கு எது? நம் வகுப்புவாரி ஜி.ஓ.வை உடைத்த வழக்கு! செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி மெடிக்கல் காலேஜ் சீட்டுக்காகப் போட்டது. அவர் அந்தக் காலேஜுக்கு அப்ளிகேஷனே போடவில்லை என்பதை சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. கூட இன்னொரு மனுதாரர், கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் இடம் கேட்டவர். 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் ஜி.ஓ. செல்லாது என்றது. பெரியாரும் தமிழ்நாட்டு மக்களும் வீதிக்கு வந்தார்கள். அதே ஜூன் மாதம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் இல்லையென்றால் இந்த பாலிடெக்னிக்கில் நம்மில் எத்தனை பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்?

ஆக, அடிப்படை உரிமை என்ற கத்தியை யார் கையில் எடுத்தாலும் வெட்டும். நாம் எடுக்காவிட்டால் எதிரே நிற்பவர் எடுப்பார். தெருவில் போராடுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் போராடியவர்களே கோர்ட்டுப் படியும் ஏறியிருக்கிறார்கள். ஏ.கே.கோபாலனை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல் நம் மலைக்கு அந்தப் பக்கம், குமுளி அருகே அமராவதியில், குடியிருப்பிலிருந்து விரட்டப்பட்ட விவசாயிகளுக்காக உண்ணாவிரதம் இருந்தவர். அதே மனிதர்தான் 1950-ல் மெட்ராஸ் ஜெயிலுக்குள் இருந்துகொண்டு, விசாரணை இல்லாமல் அடைத்து வைத்ததை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டில் வழக்காடினார். தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பின் அடிப்படையை, பின்னாளில் 1978-ல் மேனகா காந்தி வழக்கில் அதே கோர்ட்டு மாற்றிக்கொண்டது.

வாச்சாத்தியையும் சொல்லவேண்டும். 1992 ஜூன் 20-ல் தர்மபுரி மாவட்டத்து அந்த மலைவாழ் கிராமத்துக்குள் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். சந்தன மரம் தேட வந்தோம் என்றார்கள். ஊரைச் சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் தெருவிலும் நின்றார்கள், கோர்ட்டிலும் நின்றார்கள். 1995-ல் ஐகோர்ட்டு சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29-ல் 269 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி கோர்ட்டு சொன்னது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். அப்பீல் முடிந்து சென்னை ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-ல். முப்பத்தோரு வருடம்! அந்த முப்பத்தோரு வருடத்தைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்குப் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண் இன்று பாட்டியாகியிருப்பார். தாமதம் அநியாயம்தான். ஆனால் அந்தப் பெண்கள் மனு கொடுக்காமல் இருந்திருந்தால் 269-ல் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது.

1979-ல் திகார் ஜெயிலிலிருந்து சுனில் பத்ரா என்ற கைதி, பக்கத்துக் கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைக் கடிதமாக எழுதினார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதையே வழக்காக எடுத்துக்கொண்டார். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு இன்லேண்டு லெட்டரைத் தேடாதீர்கள்! இப்போது அவ்வளவு லேசில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் யாரிடம் கேட்டாய், எந்தத் தேதியில் கேட்டாய், அவர் என்ன சொன்னார் என்றுதான் கோர்ட்டு கேட்கும். சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு மனு கொடுத்திருக்கவேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகை வேண்டும். அதிகாரி அசையவில்லை என்றால், "இந்த மனுவின் மீது இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடுங்கள்" என்று ஐகோர்ட்டில் கேட்கலாம். "இது என்னப்பா, கூலி வாங்கித் தராம முடிவெடுன்னு சொல்றதுக்கு ஒரு கோர்ட்டா?" என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. நானும் அப்படி நினைத்தவன்தான். ஆனால் பைலைத் தொடவே மறுக்கிற ஆபீசில், தேதி போட்ட ஒரு உத்தரவு என்ன வேலை செய்யும் என்று பட்டவர்களைக் கேளுங்கள்.

செலவு? சட்டப்பணி ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-ல் வந்தது. அதன் 12-வது பிரிவின்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற நம்பரில் கேட்கலாம். ஜீப்பில் போகிற அத்தனை அம்மாக்களும் அந்தப் பிரிவுக்குள் வருகிறார்கள். நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே போன வருடம் தெரியாது.

கெடு விஷயத்தையும் கவனியுங்கள். 1948-ஆம் வருடக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் பாக்கி கேட்க ஆறு மாதம்தான் கெடு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அதை மூன்று வருடமாக்கியிருக்கிறது. அந்தத் தொகுப்புகளில் நான் எதிர்க்கிற பிரிவுகள் நிறைய உண்டு, அது வேறு கட்டுரை. இந்த ஒன்று நமக்கு உதவும். பழைய பாக்கி என்று தள்ளிவிடவேண்டாம்.

மீண்டும் எங்கள் தெருவுக்கு வருகிறேன். ரெக்கார்டு எங்கே என்று கேட்டார்கள் அல்லவா? எங்கள் வீட்டுச் சுவரில் முருகன் படம் போட்ட மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. அம்மா தோட்டத்துக்குப் போன நாளிலெல்லாம் அடுப்புக் கரியால் ஒரு கோடு போடுவார்கள். எனக்கு அது இருபது வருடமாகக் கிறுக்கல். எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு! எதிர்வீட்டு அத்தையிடம், கூடுதலாக எடுத்த காய்க்குக் கிலோக் கணக்கு எழுதி கங்காணி கொடுத்த துண்டுச்சீட்டுகள் ஏழு இருந்தன, சுருக்குப் பையில் மடித்து வைத்தபடி. ஜீப்பின் நம்பர் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கோடு, சீட்டு, நம்பர் மூன்றையும் வைத்து நாள் வாரியாக ஒரு பட்டியல் போட்டேன். சர்வே பீல்டு புக் எழுதுகிற மாதிரிதான். மலையாளம் தெரிந்த நம் ஹாஸ்டல் தோழன் மனுவை அந்த மொழியில் எழுதிக் கொடுத்தான்.

பன்னிரண்டு பேரில் கையெழுத்துப் போட்டது எட்டுப் பேர். நான்கு பேர் பயந்துவிட்டார்கள். "எங்க பேரு வேணாம்ப்பா, அடுத்த மாசம் மகளுக்குச் சடங்கு வச்சிருக்கேன்" என்றார் ஒரு சித்தி. அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஸ்பீட் போஸ்ட்டில் இரண்டு மாநிலத்து அதிகாரிகளுக்கும் அனுப்பினோம். (பழைய ரிஜிஸ்டர் தபாலை 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். தபால் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.) ஐந்து வாரத்தில் மேலேயிருந்து விசாரணைக்கு நோட்டீஸ் வந்தது. அம்மா அதே ஜீப் ரோட்டில், முதல் தடவையாக பஸ்ஸில் டிக்கெட் எடுத்துப் போனார்கள். பழைய குத்தகைக்காரரின் ஆள் வந்தார், பேசினார், இழுத்தார். எட்டுப் பேருக்கும் பதினான்கு நாள் கூலி வந்திருக்கிறது. நான்கு நாள் பாக்கி. கையெழுத்துப் போடாத நான்கு பேருக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. அவர்களில் இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்து, "எங்களுக்கும் எழுதுவியாப்பா?" என்று கேட்டார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கத்து ஆபீசிலிருந்து இதுவரை பதிலே இல்லை. ஒரு நினைவூட்டல் போட்டுவிட்டு, அதற்கும் பதில் இல்லையென்றால் மதுரைக் கிளைக்குப் போவதாக முடிவு. சட்டப்பணி ஆணைக்குழுவில் அப்ளிகேஷன் கொடுத்தாயிற்று.

சங்கத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஆண்டு விழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தினர்களுக்குப் பொன்னாடை வாங்குகிற காசில் பாதி போதும். சங்க அறையில் ஒரு மேசை, இரண்டு குயர் பேப்பர், தபால் செலவுக்குக் கொஞ்சம் பணம். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் எழுதத் தெரிந்த நான்கு பேர். செயற்குழுவில் கேட்டதற்கு "பார்க்கலாம்" என்றிருக்கிறார்கள். அது வரும்வரை நான் சனிக்கிழமை மதியம் ஒர்க்‌ஷாப் முடிந்ததும் கேண்டீன் பக்கத்து வேப்பமரத்தடியில் இருப்பேன். வீட்டில் காலண்டர் இருந்தால், பழைய தாளைக் கிழித்துப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதை அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள்.